கெட்டிப்பால் கண்ட கெயில் போர்டன்

பிறந்தநாளன்று வீட்டில் சேமியாப் பாயசம் வைக்கும்போது, கடைசியில் ஒரு சிறு தகர டப்பாவைத் திறந்து, தேன்போல் ஒழுகும் இளமஞ்சள் நிறப் பாலை அம்மா அதில் கலப்பதைப் பார்த்திருப்பீர்கள். கரண்டியில் ஒட்டியிருப்பதை யார் வழித்துத் தின்பது என்று உங்களுக்குள் சண்டையும் நடந்திருக்கும். அப்பாலுக்குக் கெட்டிப்பால் என்று பெயர். இலங்கைத் தமிழர் அதனை டின்பால் என்பர். இன்று நாம் இனிப்புக்காக வாங்கும் இப்பொருள், முதலில் இனிப்புக்காகச் செய்யப்பட்டதன்று. பாலைக் குடித்த குழந்தைகள் அந்தப் பாலாலேயே இறந்துகொண்டிருந்த ஒரு காலத்தில், கெடாத பால் வேண்டும் என்று ஒருவர் விடாப்பிடியாக முயன்றார். அவர் பெயர் கெயில் போர்டன்.

போர்டன் 1801ஆம் ஆண்டு நவம்பர் 9ஆம் நாள், அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் உள்ள நார்விச் என்னும் ஊரில் பிறந்தார். அக்காலத்தில் அமெரிக்கக் குடும்பங்கள் பல, நல்ல நிலம் தேடி மேற்கு நோக்கிச் சென்றுகொண்டிருந்தன. போர்டனின் குடும்பமும் கென்டக்கிக்கும், அங்கிருந்து இந்தியானாவுக்கும் பெயர்ந்தது. பெற்றோரின் பணியை ஒட்டி ஊர் ஊராக மாறிப் படிக்கும் உங்களுக்கு இது புதிய செய்தியன்று. ஆயினும் உங்களுக்குக் கிடைத்த பள்ளி அவருக்குக் கிடைக்கவில்லை. அவர் பள்ளியில் படித்த காலம் மொத்தம் இரண்டாண்டுகூட இல்லை. அப்படியிருந்தும் இளைஞரானபின் மிசிசிப்பி மாநிலத்தில் பள்ளி ஆசிரியராகவும் நில அளவராகவும் பணியாற்றினார். அந்தக் காலத்தில் அது இயன்றது. எங்களைப் போன்றோர் வகுப்பறைக்குள் நுழைய இரண்டு பட்டங்கள் தேவைப்படுகின்றன!

1829ஆம் ஆண்டில் அவர் டெக்சாஸ் பகுதிக்குச் சென்றார். அப்போது அது மெக்சிகோ நாட்டின் ஆட்சியில் இருந்தது. அங்கே நிலங்களை அளந்தார். டெக்சாசின் நிலப்படம் வரையும் பணியில் ஈடுபட்டார். 1835இல் தம்பியோடும் நண்பரோடும் சேர்ந்து செய்தித்தாள் ஒன்றைத் தொடங்கினார். டெக்சாஸ் மக்கள் மெக்சிகோவை எதிர்த்துப் போரிட்ட அடுத்த ஆண்டில், மெக்சிகோப் படையினர் அந்த அச்சுப்பொறியைத் தூக்கி நீரோடையில் எறிந்துவிட்டனர். போர் முடிந்தபின், கால்வெஸ்டன் என்னும் துறைமுக நகரில் சுங்க அதிகாரியாகப் பணிபுரிந்தார். கடலோரமாக இருந்த அந்நகரை மஞ்சள் காய்ச்சல் அடிக்கடி தாக்கியது. 1844இல் அக்காய்ச்சலுக்கு அவருடைய மனைவி பெனலோப் பலியானார்.

அதன் பிறகுதான் போர்டனின் மனம் புதியன படைப்பதில் முழுமையாக இறங்கியது. அவர் செய்தவை எல்லாம் வெற்றி பெற்றன என்று எண்ணிவிடாதீர்கள். தரையிலும் நீரிலும் பாய்விரித்துச் செல்லும் வண்டி ஒன்றை அவர் அமைத்ததாகவும், முதல் பயணத்திலேயே அது கவிழ்ந்து, ஏறியிருந்தவர்கள் நனைந்து கரையேறியதாகவும் கால்வெஸ்டன் ஊரார் கதை சொல்வர். அவர் பெரிதும் நம்பியது இறைச்சி பிஸ்கட். மாட்டிறைச்சியை நெடுநேரம் வேகவைத்து, அதன் சாற்றைச் சுண்டக் காய்ச்சி, மாவோடு பிசைந்து சுட்டெடுத்த பிஸ்கட் அது. அது நெடுநாள் கெடாது. மூட்டையில் சிறிய இடமே பிடிக்கும். பாலைவனம் கடப்போர்க்கும் படைவீரர்க்கும் கடலோடிகளுக்கும் அது உணவாகும் என்று அவர் கருதினார். 1851இல் லண்டன் மாநகரில் நடந்த உலகப் பெருங்கண்காட்சியில் அதற்கு உயரிய பதக்கம் கிடைத்தது.

பதக்கம் கிடைத்தது, விற்பனை கிடைக்கவில்லை. சுவையற்ற அந்தப் பிஸ்கட்டைப் படையினர் விரும்பவில்லை. சேர்த்த செல்வம் முழுவதையும் அதில் போட்டிருந்த போர்டன், ஐம்பது வயதைக் கடந்த நிலையில் கடனாளியாக நின்றார்.

லண்டனிலிருந்து கப்பலில் திரும்பியபோது அவர் கண்டதாகச் சொல்லப்படும் காட்சி ஒன்று அவருடைய வரலாற்றில் தவறாமல் இடம்பெறும். கப்பலில் பயணம் செய்த கைக்குழந்தைகளுக்குப் பால் தருவதற்காகப் பசுக்களையும் ஏற்றியிருந்தார்கள். கடலின் அலைப்பில் பசுக்கள் நோயுற்றன. பால் சுரப்பது நின்றது. குழந்தைகள் பசியால் அழுதன. இறைச்சியைச் சுருக்கிக் கெடாமல் வைக்க முடியுமாயின் பாலை ஏன் அவ்வாறு வைக்க முடியாது என்ற வினா அப்போதுதான் அவருள் எழுந்தது என்பர்.

கடலில் மட்டுமன்று, தரையிலும் பாலின் நிலை மோசமாகவே இருந்தது. இன்று உங்கள் வீட்டு வாசலுக்கு உறையில் பால் வருகிறது. அது கெடாதிருக்கக் குளிர்பதனப் பெட்டி இருக்கிறது. அன்று இரண்டும் இல்லை. நியூயார்க் போன்ற பெருநகரங்களில் சாராய ஆலைகளை ஒட்டி மாட்டுக்கொட்டில்கள் இருந்தன. வெளிச்சமும் காற்றும் புகாத அக்கொட்டில்களில் அடைபட்ட பசுக்களுக்கு ஆலையின் கழிவே தீனியாயிற்று. நோயுற்ற அப்பசுக்கள் கறந்த பால் நீர்த்து, நீலம் பாரித்திருந்தது. அதை வெண்மையாக்கச் சுண்ணக்கட்டித் தூளையும் பிறவற்றையும் கலந்து விற்றார்கள். ஏழைத் தாய்மார் அதனையே காசு கொடுத்து வாங்கிக் குழந்தைகளுக்குப் புகட்டினார்கள். ஆயிரக்கணக்கான குழந்தைகள் வயிற்றுப்போக்கால் மாண்டனர். 1858இல் நியூயார்க் வார இதழ் ஒன்று இக்கொடுமையைப் படங்களோடு வெளியிட்ட பின்னரே நகர மக்கள் கொதித்தெழுந்தனர்.

பாலைச் சுண்டவைப்பது நமக்குப் புதிய கலையன்று. தமிழ்நாட்டில் திருமணச் சீர்வரிசையில் வைக்கும் திரட்டுப்பாலும், திருவில்லிபுத்தூர்ப் பால்கோவாவும் சுண்டிய பாலே. நீங்கள் வாழும் வடபுல நகரங்களின் கடைத்தெருவில் அகன்ற வாணலியில் ரப்டி காய்ச்சுவோர், ஓரத்தில் படியும் ஆடையை ஒதுக்கியபடி மணிக்கணக்கில் அமர்ந்திருப்பதையும் கண்டிருப்பீர்கள். பாலில் நூற்றுக்கு ஏறத்தாழ 87 பங்கு நீர். அந்நீரைப் போக்கினால் பால் சுருங்கும். ஆனால் திறந்த பாத்திரத்தில் காய்ச்சும்போது அடிபிடிக்கும், நிறம் மாறும், தீய்ந்த வாடை வரும். திரட்டுப்பாலுக்கு அந்தச் செந்நிறமும் மணமுமே அழகு. போர்டனுக்கோ அவை பெருந்தடையாயின. நீர் ஊற்றிக் கலக்கினால் மீண்டும் பால்போலவே இருக்க வேண்டும் என்பது அவர் விருப்பம். அவர் காய்ச்சிய பால் தீய்ந்தது, நாறியது, திரிந்தது. மீண்டும் மீண்டும் இதுவே நடந்தது.

நியூயார்க் மாநிலத்து நியூ லெபனான் என்னும் இடத்தில் ஷேக்கர்கள் எனப்படும் சமயக் குழுவினர் வாழ்ந்தனர். எளிய வாழ்வும் கைத்திறனும் மிக்கவர்கள் அவர்கள். மூலிகைச் சாற்றைச் சுண்டவைக்க, காற்றை உறிஞ்சி அகற்றிய மூடிய செம்புக் கலம் ஒன்றைப் பயன்படுத்தினர். போர்டன் அவர்களிடம் சென்று அக்கலத்தில் பாலைக் காய்ச்சிப் பார்த்தார்.

அக்கலத்தில் என்ன நடக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். நீர் 100 பாகை செல்சியசில் கொதிக்கும் என்று அறிவியல் பாடத்தில் படித்திருப்பீர்கள். அது கடல்மட்டத்தில் மட்டும் உண்மை. லடாக்கில் உள்ள லே நகரம் ஏறத்தாழ 3500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் குறைவு. ஆகவே நீர் 88 பாகையிலேயே கொதித்துவிடும். அங்குப் பணிபுரியும் படைவீரர்களின் பிள்ளைகளைக் கேட்டால், குக்கர் இல்லாமல் பருப்பு வேகாது என்பார்கள். மூடிய கலத்திலிருந்து காற்றைப் பெரும்பாலும் வெளியேற்றிவிட்டால், 60 பாகை அளவிலேயே பால் கொதித்து நீர் ஆவியாகும். அவ்வளவு குறைந்த சூட்டில் பால் தீய்வதில்லை. அதன் வெண்மையும் மாறுவதில்லை.

வழி கிடைத்துவிட்டது. ஆனால் உலகம் அதனை உடனே ஏற்கவில்லை. காப்புரிமை அலுவலகம் அவருடைய விண்ணப்பத்தைத் திருப்பியனுப்பியது. பாலைச் சுண்டவைப்பதில் புதுமை ஏது என்று கேட்டது. அவர் சளைக்காமல் சான்றுகளைத் திரட்டி அனுப்பினார். 1856 ஆகஸ்ட் 19இல் காப்புரிமை கிடைத்தது. அவ்வாண்டே கனெக்டிகட் மாநிலத்தில் தொடங்கிய முதல் தொழிற்சாலை விரைவில் மூடப்பட்டது. அடுத்த ஆண்டு பர்வில் என்னும் ஊரில் தொடங்கியது, அமெரிக்காவைத் தாக்கிய பொருளாதார நெருக்கடியில் தள்ளாடியது. சுண்ணக்கட்டி கலந்த பாலுக்குப் பழகிய நகரத்தார்க்கு நல்ல பாலின் நிறமும் தடிப்பும் விந்தையாகத் தோன்றின. அந்நிலையில் அவர் தொடர்வண்டிப் பயணம் ஒன்றில் ஜெரமையா மில்பேங்க் என்னும் செல்வரைச் சந்தித்தார். உரையாடலில் நட்பு அரும்பியது. மில்பேங்க் பணம் தர முன்வந்தார். இருவரும் சேர்ந்து நியூயார்க் கெட்டிப்பால் நிறுவனத்தை நடத்தினர். தொடக்கத்தில் சர்க்கரை சேர்க்காத கெட்டிப்பாலைப் பெரிய கலன்களில் நிரப்பி, தள்ளுவண்டியில் ஏற்றித் தெருத்தெருவாக விற்றார்கள். தகர டப்பாவில் அடைத்து நெடுநாள் வைக்கும் பாலுக்குச் சர்க்கரை சேர்த்தார்கள்.

சர்க்கரை ஏன்? உப்பில் ஊறிய மாங்காயும் தேனில் ஊறிய நெல்லிக்காயும் கெடாமல் இருப்பதைக் கண்டிருப்பீர்கள். உப்போ சர்க்கரையோ மிகுந்துள்ள இடத்தில் நுண்ணுயிர்கள் தம் உடலிலுள்ள நீரை இழக்கும், பெருக இயலாது. இனிப்புக் கெட்டிப்பாலின் எடையில் பாதிக்குச் சற்றுக் குறைவான பங்கு சர்க்கரையே. ஆகவே அந்த இனிப்பு நம் நாவுக்காக வந்ததன்று. பாலுக்குக் காவலாக வந்தது.

போர்டனின் வாழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இனி வருவது. செம்புக் கலத்தைப் பற்றிப் பேசுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். தமக்குப் பால் தரும் உழவர்களுக்கு அவர் கடுமையான விதிகளை வகுத்தார். கறப்பதற்கு முன்னர்ப் பசுவின் மடியைக் கழுவ வேண்டும். தொழுவத்தைக் கூட்டித் தூய்மையாக வைத்திருக்க வேண்டும். பால் வடிகட்டும் கம்பிவலைத் துணியைக் காலையும் மாலையும் கொதிநீரில் அலசி உலர்த்த வேண்டும். விதியை மீறியவர் கொண்டுவந்த பாலை வாங்க மறுத்தார். உழவர்கள் முணுமுணுத்தனர், ஆயினும் பணிந்தனர்.

காற்று படாதிருந்தால் பால் கெடாது என்று போர்டன் நம்பினார். அது சரியான காரணமன்று. நுண்ணுயிர்களே பாலையும் பிற உணவுகளையும் கெடச் செய்கின்றன என்பதைப் பிரான்சு நாட்டு அறிஞர் லூயி பாஸ்டர் தம் ஆய்வுகளால் நிறுவியது அதே காலத்திலும் அதற்குப் பின்னரும்தான். போர்டனின் பாலைக் காத்தவை சூடும் சர்க்கரையும் தொழுவத்தின் தூய்மையும் ஆகும். காரணம் தெரியாமலேயே அவர் சரியானதைச் செய்துகொண்டிருந்தார். படிப்பறிவு குறைந்த நம் பாட்டிமார் பால்பாத்திரத்தைத் தனியே வைத்துத் துலக்கி வெயிலில் கவிழ்த்ததும் இத்தகையதே.

1861இல் அமெரிக்காவின் வட மாநிலங்களுக்கும் தென் மாநிலங்களுக்கும் இடையே உள்நாட்டுப் போர் மூண்டது. அதே ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் வசாயிக் என்னும் ஊரில் போர்டனின் பெரிய தொழிற்சாலை தொடங்கியது. வடபுலப் படை தன் வீரர்களுக்காகக் கெட்டிப்பாலை ஏராளமாக வாங்கியது. தொழிற்சாலை இரவு பகலாக இயங்கியும் கேட்ட அளவுக்குக் கொடுக்க முடியவில்லை. வீடு திரும்பிய வீரர்கள் அதன் சுவையைத் தம் குடும்பத்தாரிடம் எடுத்துரைக்க, அது நாடெங்கும் பரவியது. கடனாளியாயிருந்த போர்டன் செல்வரானார். ஆனால் அந்தப் போரில் அவருடைய ஒரு மகன் வடபுலப் படையிலும் மற்றொரு மகன் தென்புலப் படையிலும் நின்றனர். தந்தையின் பாலை வாங்கிய படையை எதிர்த்தே ஒரு பிள்ளை போரிட்டான். அந்த ஆண்டுகளில் அவர் நெஞ்சம் என்ன பாடுபட்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

போருக்குப் பின்னர் அவர் குளிர்காலங்களைக் கழிக்க டெக்சாசுக்குச் சென்றுவந்தார். ஒன்றரை ஆண்டளவே பள்ளியைக் கண்ட அவர், 1873இல் அங்கே அடிமைத்தளையிலிருந்து விடுபட்ட கறுப்பின மக்களுக்காக ஒரு பள்ளியைக் கட்டினார். ஊதியம் குறைந்த ஆசிரியர்க்கும் ஏழை மாணவர்க்கும் பொருளுதவி செய்தார். 1874 ஜனவரி 11ஆம் நாள் டெக்சாசில் காலமானார். அவருடைய உடல் தொடர்வண்டியில் நியூயார்க்குக்குக் கொண்டுசெல்லப்பட்டு வுட்லான் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. டெக்சாசின் ஒரு மாவட்டம் போர்டன் என்றும், அதன் தலைமையூர் கெயில் என்றும் இன்று வழங்குகின்றன.

அவர் மறைவதற்கு முன்னரே அவருடைய பால் கடல்கடந்தது. 1866இல் சுவிட்சர்லாந்தில், பேஜ் என்னும் அமெரிக்கச் சகோதரர்கள் ஐரோப்பாவின் கெட்டிப்பால் தொழிலைத் தொடங்கினர். பின்னர் அவர்களுடைய நிறுவனம் நெஸ்லேயுடன் இணைந்தது. இந்தியாவுக்கு முதலில் கப்பலில் வந்த டப்பாப்பால், 1960களில் பஞ்சாபின் மோகா நகரில் தொழிற்சாலை எழுந்தபின் நம் நாட்டிலேயே ஆயத்தமாயிற்று. பசும்பால் அரிதாகக் கிடைத்த வெப்ப நாடுகளில்தான் அது வேரூன்றியது. வியட்நாமில் பிரெஞ்சுக்காரர் காப்பியைக் கொண்டுவந்தனர்; பாலுக்கு எங்கே போவது? குவளையின் அடியில் கெட்டிப்பாலை ஊற்றி, மேலே கடுங்காப்பியைச் சொட்டுச் சொட்டாக இறக்கி, பனிக்கட்டி சேர்த்தார்கள். மலேசியாவில் தே தாரிக் என்னும் தேநீர் கெட்டிப்பாலால்தான் ஆகிறது. இரு குவளைகளுக்கிடையே கையை உயர்த்தி நுரைபொங்க ஆற்றும் அத்தொழிலில் பேர்பெற்றவர்கள் தமிழ்நாட்டிலிருந்து சென்ற முஸ்லிம்கள். நம் ஊர்த் தேநீர்க் கடையில் ஆற்றும் அதே கைதான்! பிரேசில் நாட்டுக் குழந்தைகளின் பிறந்தநாளுக்குக் கெட்டிப்பாலும் கொக்கோவும் வெண்ணெயும் சேர்த்துக் கிளறி உருட்டிய பிரிகடெய்ரோ என்னும் உருண்டை இல்லாமல் முடியாது. அமெரிக்காவின் புளோரிடாத் தீவுகளில் எலுமிச்சைச் சாற்றைக் கெட்டிப்பாலோடும் முட்டைக் கருவோடும் கலப்பர். புளிப்புப் பட்டதும் அக்கலவை தானே தடிப்பேறும். அதனைக்கொண்டு எலுமிச்சைப் பை செய்வர்.

இவ்வரலாற்றில் வருந்தத்தக்க பகுதியும் உண்டு. குழந்தைகளின் பசியைக் கண்டு பிறந்த இந்தப் பாலை, பிற்காலத்து வணிகர் சிலர் தாய்ப்பாலுக்கு ஈடான உணவு என்று விளம்பரம் செய்தனர். கொழுப்பை எடுத்துவிட்டுச் செய்த மலிவான கெட்டிப்பாலை உண்டு வளர்ந்த ஏழைக் குழந்தைகள் எலும்பு மெலிந்து நோயுற்றனர். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் தாய்மாரை அவ்விளம்பரங்கள் மயக்கின. சிசிலி வில்லியம்ஸ் என்னும் மருத்துவர் அங்கே குழந்தைகளுக்கு மருத்துவம் பார்த்தவர். 1939இல் சிங்கப்பூரில் ஓர் அவையில் எழுந்து, இதனைக் கொலைக்கு ஒப்பிட்டுத் துணிவுடன் கண்டித்தார். இனிப்புக் கெட்டிப்பாலில் சர்க்கரை மிகுதி. கைக்குழந்தைக்குத் தேவையான சத்துகள் போதா. உங்கள் வீட்டில் இருக்கும் டப்பாவை எடுத்து அதன்மேல் சிறிய எழுத்தில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். குழந்தை உணவாகப் பயன்படுத்தலாகாது என்னும் பொருளில் எச்சரிக்கை இருக்கிறதா என்று பார்த்து, அதனைத் தமிழில் உங்கள் ஏட்டில் எழுதுங்கள்.

அடுத்த முறை வீட்டில் பாயசம் வைக்கும்போது அம்மாவுக்கு உதவுங்கள். சேமியா பாலில் வெந்தபின் அடுப்பைத் தணித்து, இறுதியில் கெட்டிப்பாலை ஊற்றிக் கிளற வேண்டும். முதலிலேயே ஊற்றினால் அடிபிடிக்கும். அதிலேயே சர்க்கரை நிறைய இருப்பதால் தனியே சர்க்கரை போடுமுன் ஒரு துளி சுவைத்துப் பாருங்கள். மீந்ததைத் திறந்த தகர டப்பாவிலேயே விட்டுவிடாமல், ஈரமில்லாத கண்ணாடிக் குப்பிக்கு மாற்றி, மூடிக் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். அதற்குள் இடும் கரண்டியும் கழுவித் துடைத்ததாக இருக்கட்டும்.